ஒன்பதாவது பாட்டு

முதஸ்ஸிருக்குச் சந்தேகம் ஒரு வியாதி என்று டோரதி சொல்வாள். வியாதி இல்லை, தொழில் என்பான் அவன். தண்டையார்பேட்டை நெடுஞ்சாலையில் சைக்கிள் கடைக்கும் பிரியாணிக் கடைக்கும் நடுவே, ஆள் ஒருக்களித்து நுழைகிற அகலத்தில் கேசட் பதிவுக் கடை வைத்திருந்தான். புதுக் கேசட் என்று சொல்லி எவனாவது பழையதை நீட்டினால், மூலையில் இருக்கும் திருகாணியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இத்த ஏற்கெனவே எவனோ தொறந்துகீறான்" என்று திருப்பிக் கொடுத்துவிடுவான். பத்தில் ஒன்பது தடவை அவன் சொன்னது சரியாக இருக்கும். மிச்சம் ஒரு தடவைக்கு அவன் மன்னிப்புக் கேட்டதாக யாருக்கும் நினைவில்லை.

வாரம் முழுக்க சினிமாப் பாட்டு, அம்மன் பாட்டு, மாதா பாட்டு, நாகூர்ப் பாட்டு என்று யார் எதைக் கேட்டாலும் பதிந்து கொடுப்பான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு மனசுக்குப் பிடித்ததைப் போடுவான். மனசுக்குப் பிடித்தது த்ராஷ் மெட்டல். கிதாரை மரம் அறுக்கிற மிஷின் மாதிரி ஓட்டி, டிரம்ஸைப் போட்டு மிதித்து, பாடுகிறவன் தொண்டை கிழியக் கத்துகிற சங்கீதம் அது. பக்கத்துப் பிரியாணிக் கடை தாவூது பாய் அதைச் சங்கீதம் என்று ஒத்துக்கொண்டதே கிடையாது. ஷட்டருக்கு அடியில் குனிந்து, "இன்னா நைனா, மறுபடியும் லாரி கவுந்துச்சா?" என்று விசாரித்துவிட்டுப் போவார்.

கேட்க வருகிறவர்கள் இரண்டே பேர். ஒருவன் அறிவு. வியாசர்பாடிக்காரன், எர்ணாவூரில் லாரிக்கு பாடி கட்டுகிற ஷெட்டில் வெல்டர். இன்னொருத்தி டோரதி. ராயபுரத்தில் வீடு, ஒரு ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டர், காலையில் மாதா கோயில் பாடகர் குழுவில் பாடிவிட்டு மத்தியானம் இங்கே வந்து தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். இந்த மூன்று பேரையும் ஒன்றாகக் கட்டியது 'கசிவு'.

கசிவு என்பது எர்ணாவூரில் ஒரு காலி ஷெட்டில் பையன்கள் மூன்று பேர் தொண்ணூற்றைந்தில் ஆரம்பித்த பேண்டு. மணலி ரசாயன ஆலைகள் பக்கமிருந்து காற்று திரும்பினால் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் வாசிக்க வேண்டும், அதனால் அந்தப் பெயர். தொண்ணூற்றேழு கடைசியில் ஒரே ஒரு கேசட் போட்டார்கள். இருநூறு பிரதி. தொடர்புக்கு என்று அட்டையில் போட்டிருந்தது முதஸ்ஸிரின் கடை விலாசம். அப்புறம் பாடகன் துபாய்க்குப் போனான், டிரம்மர் தூத்துக்குடிக்குப் போனான், கேசட்டைக் கேட்டவர்களும் மறந்துபோனார்கள். பாட்டெல்லாம் கட்டிய கிதார்க்காரன் ரோஷன் மட்டும் ராயபுரத்திலேயே மிஞ்சி, திருவொற்றியூரில் ஒரு கண்டெய்னர் யார்டில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான்.

உலகம் மறந்த பேண்டுக்கு இந்த மூன்று பேர் போதாதா? ஞாயிறு தவறாமல் ஒரே சண்டை. கசிவின் சங்கீதம் எங்கிருந்து வந்தது என்று. அதிலும் 'மூணாம் ஷிஃப்ட்' என்ற பாட்டு வந்துவிட்டால் டீ ஆறிப்போகும்.

"அந்த அடி எங்க ஏரியா அடி பாய்," என்பான் அறிவு. "புளியந்தோப்புல ஒரு சாவுக்குப் போய் நின்னு பாரு. பாடை தெருமுனை திரும்பசொல்ல மோளம் ஒரு எகிறு எகிறும். அதான் இது. வேற இன்னா?"

"அடியை வுடு," என்பாள் டோரதி. "ஆரம்பத்துல கிதாரு படிப்படியா எறங்குதே, அது பெரிய வெள்ளிக்கு கோயில்ல பாடுற பாட்டு. சின்ன வயசுல பூசைக்கு மணி அடிச்சவன் ரோஷன். அது அவன் எலும்புல ஊறிகீது."

"மோளமும் இல்ல, பூசையும் இல்ல. ஜெர்மனி! சுத்த ஜெர்மனி!" என்று முதஸ்ஸிர் மேசையைத் தட்டுவான். "ஐசன்டால் கேசட்ட நான் குடுக்காங்காட்டி அவன் இன்னும் கல்யாண வூட்டுல வாசிச்சினு இருப்பான்."

ஐசன்டால் ஒரு ஜெர்மன் பேண்டு. அவர்களுடைய ஆல்பம் ஒன்றை, துறைமுகத்துக்கு வந்த ஒரு மாலுமியிடமிருந்து முதஸ்ஸிர் தொண்ணூற்று நாலில் வாங்கினான். பி பக்கத்தின் கடைசியில் நாடா கசங்கி இருந்ததால் அந்த இடத்தை அவன் ஓட்டியதே இல்லை. மற்றபடி அது அவன் கடையின் குலதெய்வம். ரோஷனுக்கு அதைக் கேட்கக் கொடுத்தவன் அவன். ஆக, கசிவுக்கு ஜெர்மனியின் தாக்கம் என்று அவன் கத்தும்போதெல்லாம், என் தாக்கம் என்றுதான் உள்ளுக்குள் கத்திக்கொண்டிருந்தான். டோரதிக்கு அது தெரியும். சொல்லிக்காட்டியதில்லை.

இரண்டாயிரத்து ஒன்று ஆகஸ்டில் பம்பாயிலிருந்து கடைக்கு ஒரு கடிதம் வந்தது. அங்கே சின்ன அளவில் சிடி போடுகிற ஒருவர், கசிவின் கேசட் எப்படியோ தன் கைக்குக் கிடைத்ததாகவும், அதைச் சிடியாகப் போட விரும்புவதாகவும், டிசம்பரில் ஒரு கல்லூரி விழாவில் அவர்கள் வந்து வாசிக்க வேண்டும் என்றும் எழுதியிருந்தார். முதல் பாட்டாக 'மூணாம் ஷிஃப்ட்'தான் வர வேண்டுமாம். முதஸ்ஸிர் அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு ஓடிய ஓட்டத்தில் கடையைப் பூட்ட மறந்துவிட்டான். ரோஷன் அதை இரண்டு தரம் படித்தான். நாலு வருஷமாக உறைக்குள் கிடந்த கிதாரை அன்றைக்கே வெளியே எடுத்தான். தூத்துக்குடிக்குப் போன் போட்டு, டிரம்மரை லீவு போட்டு வரச் சொன்னான். துபாய்க்காரனுக்குப் பதில் தானே பாடிக்கொள்வதாகவும் சொன்னான். அடுத்த மூன்று வாரம் முதஸ்ஸிர் யாருடைய கேசட்டின் திருகாணியையும் பார்க்கவில்லை.

செப்டம்பரில் ஒரு ஞாயிறு, அறிவு பெங்களூரிலிருந்து ஒரு கேசட்டோடு வந்தான். தொண்ணூற்றெட்டு மழையில் கடைக்குள் தண்ணீர் புகுந்து முதஸ்ஸிரின் ஐசன்டால் நாசமாகியிருந்தது. நண்பனுக்காகப் பழைய கேசட் கடைகளில் அலைந்து தேடிப் பிடித்திருந்தான் அறிவு. யாரோ யாரிடமோ பதிந்து, அதிலிருந்து இன்னொருவன் பதிந்து, இரைச்சல் ஏறிப்போன நகல்தான். அட்டையில் கையெழுத்தில் 'ஐசன்டால், 1989' என்றும் ஒன்பது பாட்டுகளின் பட்டியலும் இருந்தன. எட்டுக்குப் பெயர் இருந்தது. ஒன்பதாவதற்கு நேராக வெறும் கோடு.

எட்டுப் பாட்டும் ஓடி முடிகிற வரை முதஸ்ஸிர் அறிவின் தோளில் கை போட்டுக்கொண்டு நின்றான். ஒன்பதாவது தொடங்கியது. கிதார் படிப்படியாக இறங்கியது. நின்றது. மறுபடி எகிறியது. பாடகன் குரல் இல்லை. வேகம் கொஞ்சம் மட்டு. டிரம்ஸ் அடி வேறு மாதிரி இருந்தது. ஆனால் அது 'மூணாம் ஷிஃப்ட்'.

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எங்கேர்ந்து புடிச்ச இத்த?" என்றான் முதஸ்ஸிர். தோளில் இருந்த கை கீழே இறங்கிவிட்டது.

"இன்னா பாய் அப்டி கேக்குற? கடையிலதான்."

"எந்தக் கடை? யாரு குடுத்தா? உன்னாண்ட குடுக்கச் சொல்லி எவனாவது குடுத்தானா?"

"பேஜாரு பண்ணாத பாய். நான் இன்னா போலீஸ் ஸ்டேஷன்லயா கீறேன்?" என்றான் அறிவு. அவனுக்கு முகம் சுண்டிப்போயிற்று.

அன்று இரவு முதஸ்ஸிர் உட்கார்ந்து கணக்குப் போட்டான். எண்பத்தொன்பது. கசிவு பிறக்க ஆறு வருஷம் முன்னால். அட்டையில் பெயர் போடாமல் கடைசியில் ஒரு பாட்டை ஒளித்துவைப்பது இந்த மாதிரி பேண்டுகளுக்கு வழக்கம், தன் கேசட்டில் அந்த இடம்தான் கசங்கிக் கிடந்தது. கணக்கு நேராகத்தான் போயிற்று. தொண்ணூற்றைந்து மழையில் ரோஷன் ஐசன்டாலை வாங்கிப்போய் இரண்டு வாரம் வைத்திருந்தான். அடுத்த மாதமே, ஒரு புது டியூன் பிடித்திருக்கிறேன் என்று வந்து நின்றான். கசங்கிய நாடாவை ஒரு பென்சிலை விட்டுச் சுற்றி நீவிவிட எவ்வளவு நேரம் ஆகும்? இத்தனை வருஷம் தாக்கம், தாக்கம் என்று தான் கத்தியபோதெல்லாம் ரோஷன் ஒரு வார்த்தை பேசாமல் சிரித்தானே, அந்தச் சிரிப்புக்கு இன்றைக்குத்தான் அர்த்தம் புரிந்தது போல இருந்தது. சிடி வெளிவந்து, எவனாவது ஒருவன் இதைக் கண்டுபிடித்து எழுதினால்? அட்டையில் இருப்பது தன் விலாசம். ஆறு வருஷமாக நெஞ்சில் வைத்துக் கும்பிட்டதை ஊர் காறித் துப்பும். அதை நினைக்கும்போது அவனுக்குக் கோபத்தைவிட அழுகைதான் வந்தது.

மறுநாள் மத்தியானம் வாக்மேனை எடுத்துக்கொண்டு திருவொற்றியூர் போனான். யார்டுக்கு எதிர்ப்புற டீக்கடையில், வரிசை கட்டி நின்ற கண்டெய்னர் லாரிகளின் புகைக்கு நடுவே ரோஷனை உட்காரவைத்துக் காதில் மாட்டிவிட்டான். ரோஷன் முதலில் சிரித்தான். பிறகு புருவம் சுருங்கியது. கடைசி வரை கேட்டுவிட்டு மெதுவாகக் கழற்றினான்.

"என் பாட்டு இது," என்றான்.

"அதான் மாமு கேக்குறேன். எம்பத்தொம்போதுல ஜெர்மனிக்காரன் கையில உன் பாட்டு எப்டி வந்துச்சி?"

"எனுக்கு இன்னாடா தெரியும்? நான் யாராண்டயும் எடுக்கல. எங்கம்மா மேல ஆணை. ஷெட்டுல ஒக்காந்து நானா போட்டது. நீயுந்தான கூட இருந்த?"

"இருந்தேன். அதுக்கு முன்னாடியே ரெண்டு வாரம் கேசட்டு உன்னாண்ட இருந்துச்சே."

ரோஷன் அவனையே பார்த்தான். "நம்புறியா இல்லியா? அத்த சொல்லு."

நம்பவில்லை என்று முதஸ்ஸிர் சொல்லவில்லை. "நல்லா யோசிச்சிப் பாரு," என்றான். சொல்லாமல் சொன்னது ரோஷனுக்கு விளங்கிவிட்டது. டீக்குச் சில்லறையை வைத்துவிட்டு எழுந்து, லாரிகளுக்கு நடுவே யார்டுக்குள் போய்விட்டான்.

உண்மையான மனுஷனாக இருந்தால் சண்டை போட்டிருப்பான், சட்டையைப் பிடித்திருப்பான், இப்படி எழுந்து போவானா என்று முதஸ்ஸிர் பஸ்ஸில் வரும் வழியெல்லாம் யோசித்தான். சண்டை போட்டிருந்தால், குற்றமுள்ளவன்தான் குதிப்பான் என்று யோசித்திருப்பான். அவன் புத்தி அப்படி. இறங்கின கையோடு எஸ்டிடி பூத்துக்குள் நுழைந்து பம்பாய்க்குப் போன் போட்டான். தனக்குத் தெரிந்த அரைகுறை இங்கிலீஷில், அந்தப் பாட்டின் மேல் ஒரு சந்தேகம் இருக்கிறது, அது வேறு யாருடையதாகவும் இருக்கலாம், பின்னால் பிரச்சினை வரக் கூடாது பாருங்கள் என்றான். எதிர்முனையில் இருந்தவர் எந்தப் பாட்டு என்று ஒருமுறை கேட்டுக்கொண்டார். பிறகு, முன்கூட்டியே சொன்னதற்கு நன்றி, அப்படியானால் இதை விட்டுவிடுவோம் என்று பதில் வந்தது. நேர்மையாக நடந்துகொண்டோம் என்ற நிம்மதியில் முதஸ்ஸிர் அன்றைக்கு நன்றாகத் தூங்கினான்.

தூத்துக்குடியிலிருந்து வந்த டிரம்மர் இரண்டு நாள் ராயபுரத்தில் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பிப் போனான். விஷயம் தெரிந்து அறிவு கடை வாசலில் நின்றே கேட்டான். "ஒரு டேப்ப வச்சினு ஒரு ஆள அடிச்சிட்டியே பாய். ஏண்டா இத்த வாங்கினு வந்தோம்னு கீது எனுக்கு." அதற்குப் பிறகு அவன் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் முதஸ்ஸிர் ஷட்டரை இறக்கவும் இல்லை.

நாலு வாரம் கழித்து டோரதி வந்தாள். கையில் இரண்டு தாள். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்து பிரவுசிங் சென்டரில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து எடுத்த பிரிண்ட்.

"ஐசன்டால் இந்த ஆல்பத்த மூணு தபா வெளியிட்டுகீறாங்க. மூணுலயும் எட்டே பாட்டு," என்றாள். "ஒம்போதாவதுன்னு ஒன்னு எங்கயும் இல்ல."

"வெப்சைட்ல போடாம வுட்டுருப்பான்."

"உனுக்கு ரோஷன் மேல வர்ற சந்தேகம் டேப்பு மேல வராது, இல்ல? போடு அத்த. கடைசி ரெண்டு பாட்டு."

போட்டான். ஏழாவது முடிந்து எட்டாவது தொடங்குவதற்கு நடுவே வெறும் இரைச்சல். எட்டு முடிந்தது. டோரதி விரலைத் தூக்கினாள். "இப்ப கேளு. பாட்ட கேக்காத. பாட்டுக்கு முன்னாடி கேளு."

டக். ஒரு கண் சிமிட்டும் நேரம். மறுபடி டக். அப்புறம்தான் கிதார்.

"வேற எந்தப் பாட்டுக்கு முன்னாடியும் இந்தச் சத்தம் இல்ல. யாரோ தனியா ஒட்டுன பாட்டு இது," என்றாள் டோரதி. திரும்பி அவனைப் பார்த்தவள், "இன்னாப்பா, மூஞ்சி ஏன் இப்டி வெளுத்துப் போச்சி?" என்றாள்.

முதஸ்ஸிர் ஸ்டூலைப் போட்டு ஏறி, பரண் மேல் தூசி படிந்து கிடந்த, ஒரு கேசட்டிலிருந்து இன்னொன்றுக்குப் பதிகிற பழைய டபுள் டெக்கை இறக்கினான். தொண்ணூற்றெட்டு வரை கடையில் ஓடியது அதுதான். அதில் பதிவை நடுவில் நிறுத்திப் பிடிக்கிற பாஸ் பட்டனுக்கு ஸ்பிரிங் போயிருந்தது. ஒரு தரம் அமுக்கினால் பிடிக்காது, உடனே இன்னொரு தரம் அமுக்க வேண்டும். முழுக் கேசட்டை அப்படியே ஓடவிட்டுப் பதிந்தால் ஒன்றும் விழாது, தனியாக எடுத்து ஒட்டுகிற ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் அந்த இரட்டைத் தட்டு விழும். "இன்னா பாய், பாட்டுக்கு முன்னாடி கதவ தட்டுற?" என்று வாடிக்கையாளர்கள் கிண்டல் செய்வார்கள். பட்டனை அமுக்கினான். டக், டக்.

எல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது. கேசட்டின் கடைசியில் காலியாக விட்டால், மிச்ச நாடாவை ஏமாற்றிவிட்டான் என்று வாடிக்கையாளர் நினைப்பார் என்பது அவன் கொள்கை. மிஞ்சுகிற இடத்தில் எப்போதும் எதையாவது பதிந்து நிரப்பிவிடுவான். தொண்ணூற்றேழு கோடையில் பெங்களூரிலிருந்து ஒரு கல்லூரிக்காரன் தபாலில் ஐசன்டால் கேட்டிருந்தான். எட்டுப் பாட்டு பதிந்ததும் ஆறு நிமிஷம் மிஞ்சியது. கசிவின் கேசட் அப்போது வெளிவரவில்லை. எர்ணாவூர் ஷெட்டில் பாட்டுக்கு வரி எழுதுவதற்கு முன்பே அவன் கையால் பதிந்த ஒத்திகை டேப் ஒன்று இருந்தது. பெங்களூர்க்காரன் காதிலும் நம் பசங்கள் விழட்டுமே என்று அதை எடுத்துப் போட்டான். பெயர் மட்டும் எழுதவில்லை. இது யாருடைய பாட்டு என்று மண்டையை உடைத்துக்கொண்டு அவனே கடிதம் எழுதிக் கேட்கட்டும் என்று ஒரு குறும்பு. கடிதம் வரவே இல்லை. ஒத்திகை டேப்பின் மேல் பிறகு எவருடைய கல்யாணத்துக்கோ பாட்டுப் பதிந்து கொடுத்தாயிற்று. பெயரில்லாத பாட்டு கைக்குக் கை மாறி, நகலுக்கு நகல் இரைச்சல் ஏறி, வேகம் குறைந்து, ஜெர்மனிக்காரன் பெயரைத் தாங்கிக்கொண்டு திரும்பி வந்திருந்தது.

"நாந்தான் போட்டேன் டோரதி," என்றான். "என் கையாலதான் போட்டேன்." டோரதி தாள்களை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

பம்பாய்க்கு மறுபடி போன் போட்டான். அந்த மனிதர் மரியாதையாகவே பேசினார். போன மாதம் ஒரு கதை சொன்னீர்கள், இந்த மாதம் ஒரு கதை சொல்கிறீர்கள், நான் வேறு பேண்டுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன் என்றார்.

ரோஷனுக்காவது நிரூபித்துவிட வேண்டும். டெக்கைப் பழைய போர்வையில் சுற்றி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ராயபுரம் போனான். மாதா கோயிலுக்குப் பின்புறச் சந்தில் ரோஷன் வீடு. மத்தியானம் இரண்டு மணி, ஷிஃப்டுக்குப் போகச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தான். கிதார் கட்டிலுக்கு அடியில், உறைக்குள் இருந்தது. உள்ளே வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை.

முதஸ்ஸிர் தரையில் டெக்கை வைத்து, டேப்பைப் போட்டுக் காட்டினான். பட்டனை அமுக்கிக் காட்டினான். பெங்களூர்க்காரனிலிருந்து கல்யாணப் பாட்டு வரைக்கும் மூச்சு விடாமல் சொன்னான். பம்பாய்க்காரர் சொன்னதையும் மறைக்கவில்லை. ரோஷன் குனிந்து தானே ஒருமுறை பட்டனை அமுக்கிப் பார்த்தான். டக், டக். இன்னொரு தடவை அமுக்கினான்.

"நாலு வாரமா நானே என்னிய நம்பல மாமு," என்றான். "எங்கயோ கேட்டுட்டு மறந்துட்டேனோ, தெரியாம எடுத்துட்டேனோன்னு. கிதார தொட்டா கை கூசிச்சி. ஒவ்வொரு பாட்டையும் இது யாருதோ, அது யாருதோன்னு நெனச்சினு கெடந்தேன்."

"இப்பதான் தெரிஞ்சிபோச்சே! உன்னுதுதான்! அத்தனையும் உன்னுதுதான் ரோஷன்! நான் எல்லாராண்டயும் சொல்றேன், எழுதித் தர்றேன்."

ரோஷன் சட்டையின் கடைசிப் பொத்தானைப் போட்டுக்கொண்டே பேசினான். குரல் உயரவில்லை. "அன்னிக்கி ஒரு டேப்பு சொல்லிச்சி, நான் திருடன்னு. நம்புன. இன்னிக்கி ஒரு மிஷினு சொல்லுது, இல்லன்னு. அதையும் நம்புற. நடுவுல நான் ஒருத்தன் சொன்னேனே. எங்கம்மா மேல ஆணையா சொன்னேனே. அத்த ஏண்டா நம்பல?"

இந்த ஒரு கேள்வியைத் தவிர எல்லாவற்றுக்கும் முதஸ்ஸிர் பஸ்ஸிலேயே பதில் தயார் செய்து வைத்திருந்தான். வெட்கத்தில் காது இரண்டும் சுட்டது. போர்வையை விரித்து டெக்கைச் சுற்ற ஆரம்பித்தான். முடிச்சு சரியாக விழவில்லை. ரோஷன் அவனை விலக்கிவிட்டுத் தானே இறுக்கி முடிந்தான். கனமாயிற்றே என்று அவனே தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாப் வரைக்கும் வந்தான்.

பஸ் வந்தது. ரோஷன் டெக்கைப் படிக்கட்டில் ஏற்றி வைத்தான். முதஸ்ஸிர் ஏறி, ஒரு இடம் பிடித்து, அதை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்த்தான். ரோஷன் அதற்குள் பாதித் தெரு நடந்திருந்தான்.